பழைய வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் ஏன் ஒத்துக்கொள்வதில்லை: ஓதம், உப்பு, சுண்ணாம்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது, தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால், "எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு வாட்டர்புரூப் கலந்து சிமெண்ட்ல பூசிருவோம், இனி எட்டிப் பாக்காது" என்கிறார். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று எந்த ஊரில் பழைய வீடு வைத்திருப்பவரைக் கேட்டாலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள், பலர் அப்படியே பூசியும் இருப்பார்கள். ஒன்றிரண்டு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் பூசிய இடத்துக்கு ஒரு முழம் மேலே, அதுவரை நன்றாக இருந்த பகுதியில், உப்புப் பூக்க ஆரம்பிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கட்டட வேலை எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் எண்ணம். நம் ஊரிலிருந்து லீட்ஸ், கிளாஸ்கோ, டொராண்டோ என்று போய் அங்கே நூறு வருடப் பழமையான செங்கல் வீட்டை வாங்கிக் குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே குளிரும் பனியும், இங்கே வெயிலும் உப்பும். ஆனால் சுவர் கெடுகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான், சரிசெய்கிற விதமும் ஒன்றுதான்.

ஒரு செங்கல் சுவரில் இரண்டு பொருள் இருக்கிறது: செங்கல், அதை ஒட்டி வைத்திருக்கும் சாந்து. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. அகல் விளக்கில் திரி வழியாக எண்ணெய் மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி மண்ணிலிருக்கும் ஈரம் இந்தத் துளைகள் வழியாகச் சுவரில் ஏறும், இதைத்தான் ஓதம் என்கிறோம். எவ்வளவு உயரம் ஏறும் என்பது சுவரிலிருந்து எவ்வளவு வேகமாக உலர்கிறது என்பதைப் பொறுத்தது. கீழேயிருந்து வருவதும் மேலே காற்றில் போவதும் சமமாகும் இடத்தில் ஈரம் நின்றுவிடும். பெரும்பாலும் இது தரையிலிருந்து மூன்றடிக்குள் இருக்கும். இப்போது கட்டும் வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு போடுகிறார்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஆனாலும் அந்த வீடுகள் நூறு நூற்றைம்பது வருடம் நின்றிருக்கின்றன. காரணம், அவற்றைக் கட்டியவர்கள் ஈரத்தை மறிக்கப் பார்க்கவில்லை, உள்ளே வந்தது வந்த வழியே வெளியே போகட்டும் என்று விட்டார்கள். ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் சுவர், சுண்ணாம்புச் சாந்துக் கட்டு, சுண்ணாம்புக் காரை, அதன் மேல் வெள்ளையடிப்பு. நான்கிலும் காற்றும் நீராவியும் தாராளமாகப் போய்வரும்.

சிமெண்ட் பூச்சு இந்த ஏற்பாட்டைத் தடுத்துவிடுகிறது. அதில் நீராவி போய்வருவது சுண்ணாம்பை ஒப்பிட்டால் மிகக் குறைவு, வாட்டர்புரூப் கலந்தால் இன்னும் குறைவு. கீழேயிருந்து ஈரம் வருவது நிற்கவில்லை, முன்பக்கம் போகும் வழிதான் அடைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அது பூச்சு முடியும் இடம் வரை மேலே ஏறி அங்கே வெளிப்படுகிறது. மூன்றடிக்குப் பூசியவர்கள் நாலடியில் உப்பைப் பார்ப்பதும், அப்புறம் ஆறடிக்குப் பூசுவதும், கடைசியில் மச்சு வரை போவதும் இதனால்தான். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான், டைல்ஸ் மட்டும் கீழே விழாமல் கொஞ்ச நாள் மறைத்து வைத்திருக்கும்.

இனி உப்பைப் பற்றி. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெறும் தண்ணீராக வருவதில்லை, மண்ணிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எங்கே தண்ணீர் ஆவியாகிறதோ அங்கே உப்பு தங்கிப் படிகமாகும். சுவரின் மேல்பரப்பில் படிந்தால் வெள்ளையாகப் பூக்கும், பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர பெரிய கேடில்லை, காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். மேல்பரப்பை அடைத்துவிட்டால் அந்தப் படிகம் செங்கல்லுக்குள்ளேயே வளர ஆரம்பிக்கும். துளைக்குள் இடம் போதாமல் சுற்றியிருக்கும் மண்ணைத் தள்ளும், உடைக்கும். சோடியம் சல்பேட் என்று ஓர் உப்பு உண்டு, அது ஈரம் பட்டால் தண்ணீரைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் பருமனாகும், காய்ந்தால் சுருங்கும். அடைமழையில் நனைந்து சித்திரையில் காய்ந்து என்று வருடா வருடம் இது நடந்தால் சுட்ட செங்கல்லே தூளாகிவிடும்.

குளிர் நாட்டில் உப்பு செய்யும் இந்த வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். ஈரம் நிறைந்த செங்கல் இரவில் உறைந்து பகலில் இளகி மறுபடி உறைந்தால், ஒவ்வொரு முறையும் துளைச் சுவர்களை நெம்பும். கொஞ்ச காலத்தில் செங்கல்லின் முகம் அப்படியே தகடாகப் பெயர்ந்து விழும். நம் மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, ஊத்துப் பக்கம் மழையும் மூட்டமும் எவ்வளவோ உண்டு, சுவரில் பாசியும் பிடிக்கும், ஆனால் செங்கல்லுக்குள் தண்ணீர் உறைகிற குளிர் அங்கேயும் கிடையாது. இங்கிலாந்திலோ கனடாவிலோ வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

அங்கே பழைய செங்கல் வீடுகளுக்குப் பெரும்பாலும் வெளிப்பூச்சு இருக்காது, செங்கல் வரிசை அப்படியே தெரியும், இடையில் உள்ள சாந்துதான் காலப்போக்கில் உதிரும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து வைப்பதை நம் கொத்தனார்களும் பாயிண்டிங் என்றுதான் சொல்வார்கள். 1919க்கு முன் கட்டிய இங்கிலாந்து வீடுகள் பெரும்பாலும் ஒன்பது அங்குலம் அல்லது அதற்கும் கனமான ஒற்றைச் சுவர், சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. அதில் யாரோ சிமெண்ட்டில் பாயிண்டிங் செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில தெருக்களில் நின்று பார்த்தாலே தெரியும்: செங்கற்கள் எல்லாம் அரித்து உள்வாங்கியிருக்கும், சிமெண்ட் கோடுகள் மட்டும் ஒரு அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு புத்தம் புதிதாக நிற்கும். பார்ப்பவர்கள் சிமெண்ட் எவ்வளவு உறுதி என்று நினைப்பார்கள். செங்கல் போய்விட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சாந்து செங்கல்லைவிட இளசாக இருக்க வேண்டும். சுவர் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், அஸ்திவாரம் நூலளவு இறங்கும். இளகிய சாந்து அந்த அசைவை வாங்கிக்கொள்ளும், ஈரமும் உப்பும் அது வழியாக வெளியேறும், கெடுவதானால் முதலில் அதுதான் கெடும். சாந்து போனால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். செங்கல் போனால் சுவரையே பிரிக்க வேண்டும். கெட்டியான சிமெண்ட் சாந்தை இளசான பழைய செங்கல்லோடு சேர்த்தால் எல்லாச் சுமையும் செங்கல்லின் விளிம்பில் இறங்கும், எல்லா ஈரமும் செங்கல் வழியாகவே போகும், முதலில் கெடுவதும் செங்கல்லாகிவிடும்.

சிமெண்ட் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சிமெண்ட்டில் கட்டிய வீட்டுக்குச் சிமெண்ட் பூச்சுதான் சரி, தண்ணீர்த் தொட்டிக்கும் அதுதான் சரி. லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். நம் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்தது 1949இல். அதன் பிறகுதான் இந்தப் பக்கம் சிமெண்ட் சாதாரண வீடுகளுக்குள் மெல்ல வந்தது. கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் பக்கத்தில் தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது, எத்தனை வெள்ளத்தைத் தாங்கியிருக்கிறது, இன்றைக்கும் வண்டி போகிறது. ஆக, உங்கள் தாத்தா காலத்து வீடு, பூட்டன் காலத்து வீடு என்றால் அது சுண்ணாம்புக் கட்டு என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் ஓர் ஆணியால் சாந்தைச் சுரண்டுங்கள். சுண்ணாம்பு என்றால் வெளுத்த நிறத்தில் எளிதாகப் பொடியும், அங்கங்கே நீறாத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் என்றால் சாம்பல் நிறம், ஆணி வழுக்கும்.

சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு வளவு வீட்டில், அதாவது பொது முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில், பார்த்ததைச் சொல்கிறேன். தார்சாவை, அதாவது வீட்டின் முன்பக்கத்து நடையை, ஒட்டிய சுவர், நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெளியே ஒரு கீறல் கிடையாது. கொத்தனார் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாக வந்தது. உளியை வைத்து ஒரே தட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு கழன்று கையோடு வந்தது. பின்பக்கம் ஈரம் மினுங்கியது, அதில் ஊசி ஊசியாக உப்பு நின்றது. சுவரிலோ செங்கல்லின் வடிவம்தான் மிச்சம், விரலால் தொட்டால் சிவப்பு மண் பொலபொலவென்று கொட்டியது, இரண்டு அங்குல ஆழத்துக்கு விரல் போனது. வீட்டுக்கார ஆச்சி, "ஏய்யா, இப்பதான பூசினோம்? சிமெண்ட்டுல கலப்படமா?" என்று கேட்டார். "சிமெண்ட் நல்லாத்தான் இருக்கு ஆச்சி, கல்லுதான் மாவாயிட்டு" என்றார் கொத்தனார். அவர் சொன்னதில் எல்லாமே அடங்கிவிட்டது.

சரி, வைத்தியம் என்ன? பூசுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல சுண்ணாம்பு பூசினாலும் வீண்.

நம் ஊரில் முதல் குற்றவாளி தெரு. பழைய ரோட்டைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்றைக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் தரை இருக்கும் மட்டத்துக்கு மேலே வெளியே மண் நிற்கிறது, அந்த மண்ணின் ஈரம் நேரே சுவருக்குள் பாய்கிறது. முடுக்குக்குள், அதாவது குறுகிய சந்துக்குள், இருக்கும் வீடுகளுக்கு இன்னும் மோசம், இரண்டு பக்கமும் சுவர், நடுவில் சாக்கடை, வெயிலே படாது. முடிந்த இடத்தில் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வீட்டுத் தரைக்குக் கீழே அரையடி வரும்படி தோண்டி எடுத்துவிட்டு, ஜல்லி பரப்பி, தண்ணீர் வெளியே வடிகிற மாதிரி வாட்டம் வைத்தாலே ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். மண் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு அப்போது சுவரைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. கூடவே மேலே விழும் மழை தளத்தில் தெறித்துச் சுவரை நனைக்கும்.

அடுத்தது அங்கணம். அடுப்படியில் பாத்திரம் கழுவும் அந்தக் குழியின் தண்ணீர் வெளியே போகும் துவாரம் காலப்போக்கில் விண்டு, சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கும். அப்புறம் மட்டப்பா, அதாவது மொட்டை மாடித் தளம். கட்டைகுத்து வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துத் தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டின் இணைப்பு விட்டுப் போனால் தண்ணீர் இறங்கிக் கட்டையின் முனை சுவருக்குள் உளுத்துப்போகும், வெளியே தெரியவே தெரியாது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். அதை வருடா வருடம் ஒடித்துவிட்டால் மட்டும் போதாது, வேர் உள்ளே தடித்துக்கொண்டே போய்ச் சுவரைப் பிளக்கும். சாந்தைக் கொஞ்சம் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய மாட்டுத்தொழுவத்தை அறையாக மாற்றியிருப்பார்கள். அந்தச் சுவரில் எத்தனையோ வருடக் கோமியமும் சாணமும் ஊறி நைட்ரேட் உப்பாகத் தங்கியிருக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். கீழேயிருந்து ஒரு சொட்டு ஏறாவிட்டாலும் மழைக்காலம் வந்தால் சுவர் வியர்க்கும். அங்கே பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, விட்டுவிட்டுப் பூசிப் பார்க்க வேண்டியதுதான். முதலில் இளசான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று பூசி, அது உப்பை உறிஞ்சிக் கெட்டுப்போன பிறகு அதைக் கொத்தி எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, அடுத்தது பூசுவார்கள். வீண் செலவு என்று தோன்றும். உப்பைச் சுவரிலிருந்து வெளியே கொண்டுவர இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருவதால் அங்கேயும் இந்த மாதிரிப் பூச்சை அவ்வப்போது மாற்றத் தயாராக இருக்க வேண்டும். கடற்கரை மணலைக் கலவைக்கு எடுக்கவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர் நாட்டில் தண்ணீர் வரும் வழிகள் கொஞ்சம் வேறு. கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் இலை அடைத்துச் சுவரில் வழிவது, பழைய கணப்பின் புகைபோக்கியில் மழை இறங்குவது, பூந்தொட்டிக்காகச் சுவரோரம் மண்ணைக் குவித்து வைப்பது இவைதான் அடிக்கடி. அதோடு அங்கே வீட்டுக்குள்ளிருந்தே ஈரம் வரும். ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திக்கொண்டு சோறு பொங்கி, துணியை உள்ளேயே காயப்போட்டால் அந்த நீராவி ஜில்லிட்ட சுவரில் பட்டுத் தண்ணீராகும், மூலையில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். இது சுவரில் ஏறும் ஓதமா, காற்றில் வந்த ஈரமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கை அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. ஊசி மருந்து மாதிரிச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றுகிறோம் என்று ஆள் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையையும் கால்வாயையும் வெளி மண்ணின் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. அடுத்தது சிமெண்ட்டை எடுப்பது. செங்கல்லோடு பிடித்துக்கொண்டிருக்கும் சிமெண்ட்டை வம்படியாக இழுத்தால் செங்கல்லின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். சூளையில் நேரடியாகத் தீப்பட்டு இறுகிய அந்த மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காப்பு, உள்ளே இருப்பது அதைவிட இளசு. அதனால் மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும், பொள்ளலான இடத்தில் ஆரம்பித்து ஓரமாகக் கழற்றிக்கொண்டே போகலாம். சில இடத்தில் வரவே மாட்டேன் என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கிரைண்டர் வைத்து இணைப்புகளை அறுக்கும் பழக்கம் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ஒரு நிமிடம் கை தவறினாலும் செங்கல்லின் விளிம்பு போய்விடும். எடுத்த பிறகு சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் கூட்டிச் சாக்கில் அள்ளி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். சுவர் உலரட்டும். கனத்தில் ஓர் அங்குலம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்று இங்கிலாந்தில் ஒரு உத்தேசக் கணக்குச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் உலரும், ஆனாலும் ஒரு கோடை முழுக்க விடுவது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற பிறகு, தண்ணீர் வடிந்த கையோடு பொங்கலுக்கு முன் பூசி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டவர்களின் மனது புரிகிறது. ஆனால் நனைந்த சுவரை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

மாவாகிப்போன செங்கற்களை மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கல்லை மட்டும் எடுத்து, அந்த இடத்தை நிரப்பி, சாந்து பிடித்த பிறகு பக்கத்தில் போக வேண்டும், ஒரேயடியாக வரிசையைப் பிரித்தால் மேல்சுமை இறங்கிவிடும். மாற்றும் கல், பழைய கல்லின் கெட்டித்தனத்தில் இருக்க வேண்டும். இப்போது வரும் ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலக் கல் பழைய வரிசைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் கல் கிடைக்கும், தட்டிப் பார்த்து, உப்பு இல்லாததாகப் பொறுக்க வேண்டும். வைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பிடிக்காமல் உதிரும். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக விரிசல் போனாலோ கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். வடக்கே கரிசல் மண் இருக்கும் ஊர்களில் மழைக்கு மண் உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் இந்த விரிசல் சகஜம். விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு தேதி எழுதி வையுங்கள், கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

இப்போது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகும். அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அந்த நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெதுவாக மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். இது நாள் கணக்கில் முடியாது, மாதக் கணக்கில் நடக்கும். நீற்றும்போது கவனம்: தொட்டியில் தண்ணீரை முதலில் விட்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்தால் தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே வரவிடாதீர்கள். நீறிய பின் மேலே தண்ணீர் நிற்கும்படி இரண்டு மூன்று வாரமாவது மூடி ஊறவிட வேண்டும், கூட ஊறினால் இன்னும் நல்லது. ஊறாமல் பூசினால் நீறாத குருணைகள் சுவரில் பின்னால் வெடித்துப் பொத்தல் விழும்.

கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மணல் மண்ணில்லாமல், பருவும் நைசும் கலந்து இருக்க வேண்டும். ஈரம் அதிகமுள்ள இடத்தில், அங்கணம், வெளிச்சுவர் மாதிரி, மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூளைச் சேர்ப்பார்கள், அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். சர்க்கரை இருக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், அதனால் சாந்து செங்கல்லுக்குள் நன்றாக இறங்கிப் பிடிக்கும். ஆனால் அளவு தெரிந்த கை வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் வெறும் சுண்ணாம்பும் மணலும் நன்றாகக் குழைத்து இடித்துப் பழகினாலே போதும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குக் கடையிலேயே என்.எச்.எல். என்று மூட்டையில் ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கும், 2, 3.5, 5 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூடக் கெட்டி கூடும். பழைய இளசான செங்கல்லுக்கு 2 அல்லது 3.5 எடுங்கள், 5 உறுதியானது என்று கடைக்காரர் சொன்னாலும் ஆசைப்பட வேண்டாம்.

பாயிண்டிங் வேலையில் பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது, ஏறக்குறைய ஓர் அங்குலம், சுரண்டி எடுக்க வேண்டும். மேலோட்டமாக எடுத்துவிட்டு அப்பினால் ஒரே வருடத்தில் தோலாக உரிந்து வரும். தூசியைத் தட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து, சொட்டுச் சொட்டாக நிற்காத அளவில் ஈரப்படுத்தி, சாந்தைக் கரண்டியால் அழுத்தி அழுத்தி அடைக்க வேண்டும். ஆழமான இடத்தில் இரண்டு தடவையாக அடையுங்கள். செங்கல்லின் முகத்தில் சாந்து படக் கூடாது, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நிறுத்த வேண்டும். பூச்சு வேலை என்றால் ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம், முதல் பூச்சு இறுகிய பிறகு கீறிவிட்டு அடுத்தது. அதன் பிறகுதான் முக்கியமான வேலை இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஒரு வாரம் பத்து நாளாவது நனைத்த கோணியை மாட்டி வெயிலும் காற்றும் நேரடியாக அடிக்காமல் காக்க வேண்டும். நம் வெயிலில் சுண்ணாம்பு காய்ந்துபோனால் இறுகாது, விரலால் தடவினாலே உதிரும்.

கடைசியில் மேல்பூச்சு. இத்தனையும் செய்துவிட்டு பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழையபடி வாயை அடைத்த கதைதான். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது வெறும் அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம். மெல்லிய சுண்ணாம்புத் தோல் ஒன்று, வருடம் முழுக்க உப்பையும் ஈரத்தையும் தான் வாங்கிக்கொண்டு, அடுத்த தையில் புதுத்தோலுக்கு இடம் விட்டது. நீர்த்த சுண்ணாம்பை மூன்று நான்கு கை மெல்லிசாக அடியுங்கள், திக்காக ஒரே கையில் அடித்தால் உரிந்துவிடும். வண்ணம் வேண்டும் என்றால் சுண்ணாம்பில் கலக்கும் காவி, மஞ்சள் மண் நிறங்கள் இருக்கின்றன.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்பார்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். வெயில் காலத்தில் சிமெண்ட்டை எடுத்து சுவரை உலரவிட்டு, தை பிறந்த பிறகு, தை மாசியில் பூசினால் கோணியை நனைக்கும் வேலையும் பாதி குறையும். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்களில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, அதற்கு முன் முடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஏப்ரலில் ஆரம்பித்துச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலை செய்யவே கூடாது. இறுகாத சாந்துக்குள் தண்ணீர் உறைந்தால் வசந்தத்தில் அத்தனையும் தூளாகக் கீழே கிடக்கும். அக்டோபரில் வேலை மிச்சமிருந்தால் இணைப்புகளைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிட்டு, கால்வாயில் அடைத்த இலையை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த ஏப்ரல் வரை காத்திருங்கள்.